ஆறாம் நாள் கால்

எனக்கு அந்தரம் பிடித்தால் கால் ஓரிடத்தில் தரியாது. நான் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து பிறந்தவன், அந்த அவசரம் இன்னும் முடியவில்லை என்று அம்மா சொல்லுவா. சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவி, சோறு வருமுன்னமே எழும்பிப் போகிறவன் நான். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில், என் இருபத்தாறு வயதில், நல்லூருக்கு அங்காலை ஒரு கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். படிப்பித்தேன் என்பது பெரிய வார்த்தை. வருஷம் தவறாமல் தவளை வயிற்றைக் கீறி, ஈரல் இது, இரைப்பை இது என்று காட்டினேன். பெடியள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். இன்னும் இரண்டு வருஷம் இதையே செய்தால் எனக்கு விசர் பிடித்துவிடும் என்று உண்மையாகவே பயந்தேன்.

தப்புவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. கொழும்பில் எனக்குப் படிப்பித்த பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் ஒரு உதவியாளர் இடம் தை மாதம் வெறுமையாகும் என்று அறிந்தேன். எழுதிக் கேட்டேன். மனிதர் சுற்றி வளைக்கிற ஆளில்லை. சான்றிதழ் தன்னிடம் கட்டுக்கட்டாய் வருகிறது, அது வேண்டாம், ஒரு வேலை செய்து காட்டு, அதில் புதிதாக ஏதும் இருந்தால் உனக்காகக் கதைக்கிறேன் என்று பதில் போட்டார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து வைத்தே மடிப்பில் கிழிந்துபோயிற்று.

நான் எடுத்த வேலை தசைநாண். உங்கள் குதிக்காலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கோ. கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். ஊரில் அதையும் நரம்பு என்றுதான் சொல்லுவார்கள். தசை இழுக்கும், நாண் அந்த இழுவையைக் கொண்டுபோய் எலும்பில் சேர்க்கும். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய தசையும் சும்மா கிடந்து துடிக்க வேண்டியதுதான். என் கேள்வி சின்னது. முட்டைக்குள் குஞ்சின் கால் உருவாகும்போது இந்த நாண் எங்கேயிருந்து வருகிறது? தசை முதலில் உண்டாகித் தன் நுனியை நாணாக நீட்டுகிறதா, அல்லது நாண் பாதத்தில் தனியாகத் தொடங்கிப் பிறகு தசையைப் போய்ப் பிடிக்கிறதா? என்னிடமிருந்த புத்தகங்கள் இந்த இடத்தில் மழுப்பின. எல்லாரும் இதயத்தையும் மூளையையும் சுற்றி நின்றார்கள், நாணை ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வசதியாகவும் இருந்தது.

செய்முறையில் வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும், அதுதான் என்னிடம் கிடையாது. நாலு நாள் சூட்டில் கிடந்த முட்டை, ஐந்து நாள் கிடந்தது, ஆறு நாள் கிடந்தது என்று பன்னிரண்டு நாள் வரைக்கும் ஒவ்வொன்றாய் உடைத்து, குஞ்சின் காலை எடுத்து, அழுகாமலிருக்கப் போமலினில் போட்டு, மெழுகில் பதித்து, மயிரிலும் மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். பார்த்ததைப் படமாக வரைய வேண்டும். நாண் எந்த நாளில் முதன்முதலாகக் கண்ணில் படுகிறது என்பதுதான் எல்லாம். அதனால் முட்டையின் வயது பிசகக்கூடாது. ஒரு நாள் பிசகினாலும் முழு வேலையும் குப்பை.

முதலில் நானே ஒரு பிஸ்கோத்துத் தகரத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்து அடைகாக்கும் பெட்டி செய்தேன். இரண்டு நாளில் பத்து முட்டையும் அவிந்து போயிற்று. ஆசிரியர் அறையில் ஒருவர் உப்பும் மிளகும் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, மாஸ்ரர், ஆராய்ச்சி முடிஞ்சால் சொல்லும் என்றார். கோதாரி விழுவார் என்று வாய்க்குள் திட்டினேன். ஆனால் பெட்டி சரிவராது என்பது தெரிந்துவிட்டது. கோழிதான் வேண்டும்.

எங்கள் வீடு இணுவிலில். சைவ வீடு, முட்டை வாசற்படலைக்குள்ளும் வராது. முட்டை தொட்ட நாளில் நான் கிணற்றில் குளித்த பிறகுதான் அம்மா சோறு போடுவா. அதனால் நல்லூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற கொழும்புத்துறையில் ஒரு அக்காவைப் பிடித்தேன். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். முப்பது கோழி வைத்து முட்டை விற்றுச் சீவித்தா. அவவின் வளவுக்குப் பின்னால் கடல், முன்னால் வேலியில் வலை காயும். வாய் பொல்லாத வாய். நான் முதல்நாள் போய், கொழும்பு இடம்வரைக்கும் விஷயத்தைச் சொன்னபோது என்னை மேலும் கீழும் பார்த்தா.

"குஞ்சு பொரிக்கமுந்தி உடைக்கப்போறியளோ? அப்ப ஏன் அடை வைப்பான்?"

"உள்ளுக்கை கால் எப்பிடி வருது எண்டு பாக்க அக்கா."

"கால் எப்பிடி வரும்? ரெண்டாய் வரும்" என்றா அக்கா, சிரிக்காமல்.

ஆனாலும் ஒத்துக்கொண்டா. ஏற்பாடு இதுதான். அன்றன்று இட்ட முட்டையில் பன்னிரண்டை நானே பொறுக்குவேன். பென்சிலால் குறி போடுவேன். முதல் அடைக்கு ஒரு கோடு, இரண்டாம் அடைக்கு இரண்டு கோடு என்று போகும். அடை வைத்த நாளைக் கொப்பியில் எழுதுவேன். அக்கா அவற்றைப் பனையோலைக் கடகத்தில் வைக்கோல் போட்டு அடைக்கோழிக்குக் கீழே வைப்பா. நாலாம் நாளிலிருந்து, வேண்டிய வயது வருகிற நாளெல்லாம் விடியச் சைக்கிளில் வந்து இரண்டிரண்டாய் எடுத்துப் போவேன். மிச்சம் எத்தனை கிடக்கிறது என்று ஒருநாளும் எண்ணவில்லை.

முதல் அடையிலேயே சண்டை வந்தது. கடகத்துக்குள் ஒரு துருப்பிடித்த ஆணி கிடந்தது. உதென்ன என்று கேட்டேன். இடி இடித்தால் முட்டை கலங்காமலிருக்க இரும்பு வைக்கிறதாம். நான் குதித்தேன். விஞ்ஞான வேலையில் ஆணியும் மந்திரமும் வேண்டாம் என்று அரைமணித்தியாலம் பிரசங்கம் செய்து, ஆணியை எடுத்து வேலிக்கு அங்காலை எறிந்தேன். அக்கா வாயைக் கோணி ஒரு சிரிப்புச் சிரித்தா. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆணியைக் கண்டவன் வேறொன்றையும் கேட்காமல் விட்டேன். அந்தப் பதட்டத்தில் என் பென்சிலையும் அங்கேயே போட்டுவிட்டு வந்து, கல்லூரியில் அதைத் தேடி மேசையெல்லாம் புரட்டினேன்.

நாலு அடை போயிற்று. நாலாம் நாள் கால், அகப்பையின் பிடியில்லாத தலை மாதிரி ஒரு சின்னத் தட்டு. ஆறாம் நாளில் விரலின் அடையாளம் தெரியும், ஆனால் நாண் இல்லை. நாண் வரவேண்டிய இடத்தில் உயிர்க்கலங்கள் கொஞ்சம் நெருங்கி நிற்கும், அவ்வளவுதான். எட்டாம் நாளிலும் ஒன்பதாம் நாளிலும் நாண் வடிவாகத் தெரிந்தது. இதில் என்ன புதினம்? ஒரு புதினமும் இல்லை. பேராசிரியருக்கு இதை அனுப்பினால் நல்ல பிள்ளை, எழுத்து அழகு என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். நான் லபோரட்டரிக்குள் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்த நடையைப் பார்த்துக் கல்லூரி அதிபர் ஒருநாள் உமக்கு வயிற்றுக்குள் ஏதும் கரைச்சலோ என்று கேட்டார்.

ஐந்தாம் அடையின் ஆறாம் நாள், நல்லூரில் திருவிழா உச்சத்தில் நின்ற நாள். விடியக் கொழும்புத்துறைக்குப் போய் முட்டைகளை ஒவ்வொன்றாய்ச் சூரியனுக்கு நேரே பிடித்து, சுருட்டிய கடதாசிக் குழலுக்குள்ளால் பார்த்தேன். நல்ல கரு உள்ளது எதுவென்று நிழலில் தெரியும். எனக்கு எப்போதும் பெரிய நிழல்தான் வேண்டும். ஒரு முட்டைக்குள் நிழல் நல்ல கனமாக நின்றது. அதையும் இன்னொன்றையும் எடுத்தேன். உமி போட்ட கூடைக்குள் வைத்து, துணி சுற்றி, சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டுக்கொண்டு மிதித்தேன்.

நல்லூரில் சைக்கிள் போக வழியில்லை. வீதியெல்லாம் மணல், மணலெல்லாம் சனம். நான் இறங்கி உருட்டினேன். அங்கப்பிரதட்சிணம் செய்கிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்க, பின்னால் வந்தவர்கள் தள்ள, கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், மேலில் சால்வை கட்டி, நெற்றி நிறையத் திருநீற்றோடு பக்கத்தில் வந்தார்.

"தம்பி, கூடைக்குள்ளை என்ன? அர்ச்சனைச் சாமானோ?"

"ஓம் அண்ணை" என்றேன். முருகா, நீ கேட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று மனதுக்குள் சொன்னேன். அந்த நேரம் பார்த்து யாரோ முழங்கையால் இடித்தார்கள். கூடைக்குள் சளக்கென்றது. ஒரு முட்டை போயிற்று. மஞ்சட்கரு என் வெள்ளை வேட்டியில் ஒழுகியது. அண்ணை பார்த்தார், தள்ளிப் போனார்.

கல்லூரிக்குப் போய்ச் சேர முதல் மணி அடித்துவிட்டது. பெரிய நிழல் நின்ற மற்ற முட்டை ஆறத் தொடங்கியிருந்தது. வகுப்பில் முப்பது பெடியள் கூத்தாடும் சத்தம் கேட்டது. நான் நின்றபடியே முட்டையை உடைத்தேன். குஞ்சு கொஞ்சம் பெரிசாக இருக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது உண்மை. ஆனால் இரண்டாம் மணி அடித்தது. கத்தரிக்கோலால் இரண்டு காலையும் வெட்டிப் போமலினில் போட்டேன். மிச்ச உடம்பை வாளிக்குள் எறிந்தேன். வாளியை மத்தியானம் தோட்டக்காரன் வாழையடியில் கவிழ்த்தான்.

அடுத்த கிழமை அந்தக் கால்களைச் சீவிப் பார்த்தேன். பாதத்தின் அடியில், விரல்களின் ஓரமாய், கலங்கள் நீளமாகி, ஒரே பக்கம் பார்த்து, ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகப் படுத்திருந்தன. நாண்! ஆறாம் நாளில் நாண்! எட்டாம் நாளில்தான் தெரியும் என்று நான் நினைத்தது இரண்டு நாள் முந்தியே நிற்கிறது! அப்படியென்றால் அது தசைக்காகக் காத்திருக்கவில்லை, தன்பாட்டில் தொடங்குகிறது. முந்தின நாலு அடையிலும் ஏன் தெரியவில்லை? என் சீவல் சரியில்லை, சாயம் சரியில்லை, அதுதான் என்று எனக்கு நானே சொன்னேன். இப்போதுதான் கை திருந்தியிருக்கிறது என்றும் சொன்னேன். மனிதன் தனக்கு வேண்டியதை எவ்வளவு கெதியாக நம்புகிறான், அடேயப்பா.

ஒரே மூச்சில் படம் வரைந்து அனுப்பினேன். ஆசிரியர் அறையில் வாயை அடக்கவும் முடியவில்லை. தையில் நான் இங்கே இருக்கமாட்டேன் என்றேன். பெரியகடையில் ஒரு றங்குப்பெட்டி வாங்கி, நாலு சேட்டும் இரண்டு கோட்டுமாய் உடுப்பு அடுக்கி வீட்டு விறாந்தையில் வைத்தேன். அம்மா அதைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு திரிந்தா.

பேராசிரியரின் பதில் புரட்டாதியில் வந்தது. படம் நன்றாக இருக்கிறதாம். வயது ஆறு நாள் என்பது சரியானால் இது புதிதுதானாம். ஆனால் ஒரு குஞ்சு போதாது, அதே வயதில் இன்னும் இரண்டு குஞ்சு காட்டு, மார்கழிக்குள் வந்தால் இடத்தைப்பற்றிக் கதைக்கலாம் என்று எழுதியிருந்தார். இரண்டுதானே! நான் துள்ளினேன். பத்து நாளில் முடிப்பேன் என்று நினைத்தேன்.

ஆறாம் அடை. ஆறாம் நாள் காலில் நாண் இல்லை. ஏழாம் அடை. இல்லை. எட்டாம் அடையில் ஆறாம் நாளுக்கென்று ஆறு முட்டை உடைத்தேன், பன்னிரண்டு கால், ஒன்றிலும் இல்லை. சவரக்கத்தி போலத் தீட்டிய அலகை மாற்றினேன். மெழுகை மாற்றினேன். சாயத்தை ஒரு நிமிஷம் கூட்டினேன், இரண்டு நிமிஷம் குறைத்தேன். ஐப்பசி போயிற்று. மழை பிடித்தது, ஒழுங்கையெல்லாம் வெள்ளம், சைக்கிள் சில்லு சேற்றில் புதைந்தது. சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் ஒரு பெடியன் பென்சிலை மேசையில் தட்டினதற்கு அவனை வெளியே துரத்தினேன். விறாந்தையில் பெட்டியைப் பார்த்தால் எரிச்சல் வந்தது. பார்க்காவிட்டாலும் வந்தது. அது ஒரு முறை இருந்தது, என் கண்ணால் கண்டேன், பிறகு எங்கே போயிற்று? இந்தக் கேள்வி காதுக்குள் புகுந்த எறும்பு மாதிரி என்னை இருக்கவிடவில்லை.

கடைசியில் பழியைக் கோழியில் போட்டேன். கோழியில் போட்டால் அது கோழிக்காரியில்தானே போய் நிற்கும்? கார்த்திகைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கொட்டுகிற மழைக்குள் நனைந்துகொண்டு கொழும்புத்துறைக்குப் போனேன். அக்கா குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, என்ரை முட்டையளை மாத்திப் போட்டியளோ?"

கத்தி நின்றது. "என்ன கேட்டனீங்கள்?"

"மாத்தினியளோ எண்டு கேட்டனான்."

"மாஸ்ரர், நான் முட்டை விக்கிறவள். களவெடுக்கிறவள் இல்லை. உந்தக் கதை கதைக்கிறதெண்டால் படலை அந்தப் பக்கம்." எழும்பிக் கையைக் கழுவினா. கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை. "வாருங்கோ. வந்து உங்கடை கண்ணாலை பாருங்கோ. முந்தநாள் வைச்ச அடை கிடக்குது. எண்ணிப் பாருங்கோ."

கோழிக்கூட்டுக்குப் போனோம். அடைக்கோழி சீறியது. அக்கா அதைத் தூக்கிப் பிடிக்க நான் எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

"பதின்மூண்டு கிடக்குது."

"ஓம்."

"நான் பன்னிரண்டெல்லோ தந்தனான்?"

"ஓம். பன்னிரண்டு இரட்டை. இரட்டையாய் வைச்சால் அடை உருப்படாது. ஒற்றையாய்த்தான் வைக்கிறது. அதுதான் என்ரை ஒண்டு போட்டனான்." இதெல்லாம் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தா. "நீங்கள் ஆணியைத் தூக்கி எறிஞ்சியள். இதைச் சொன்னால் இதையும் எறிவியள். அதுதான் சொல்லேல்லை."

நான் பதின்மூன்றையும் கையில் எடுத்துப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஒன்பது கோடு. ஒன்றுபோல, பென்சிலால்.

"இதிலை ஆர் குறி போட்டது?"

"நான்தான். உங்கடை பென்சில் இஞ்சை கிடந்தது." மடியிலிருந்து ஒரு கட்டைப் பென்சிலை எடுத்துக் காட்டினா. "குறி இல்லாத முட்டை கூட்டிலை கிடந்தால், மற்றக் கோழி இண்டைக்கு இட்டதெண்டு நினைச்சு எடுத்துச் சந்தைக்குக் கொண்டு போடுவன். அதுதான் உங்கடை மாதிரியே பாத்துப் போட்டனான். வடிவா இல்லையோ?"

வடிவாகத்தான் இருந்தது. என் கோட்டைவிட நேராக இருந்தது.

"எல்லா அடையிலையுமோ?"

"எல்லாத்திலையும்."

"எல்லாம் அண்டண்டு இட்ட முட்டைதானே?"

அக்கா யோசித்தா. "ஓம். நல்லூர்த் திருவிழா நேரம் வைச்சதிலை மட்டும் வேறை. என்ரை கறுத்தப் பேடு அடை கிடந்தது. ரெண்டு நாள் முழுக்கக் கிடந்து, மூண்டாம் நாள் விடியக் கீரி வந்து அதைப் பிடிச்சுக்கொண்டு போட்டுது. முட்டையெல்லாம் உடைஞ்சு, ஒண்டுதான் சூட்டோடை கிடந்தது. எறிய மனம் வரேல்லை. நீங்கள் அண்டைக்குத்தான் அடை வைக்க வந்தனீங்கள். உங்கடையோடை சேத்து வைச்சுவிட்டன்." பிறகு என் முகத்தைப் பார்த்தா. "ஏன் மாஸ்ரர்? பிழையோ?"

இரண்டு நாள். ஆறும் இரண்டும் எட்டு. நான் தூற்றலுக்குள் கோழிக்கூட்டுக்கு முன்னால் சேற்றில் குந்தினேன். பெரிய நிழல்தான் வேண்டும் என்று குழலுக்குள்ளால் பார்த்துப் பொறுக்கினவன் நான். அந்தப் பதின்மூன்றில் வயது மூத்ததைத் தேடிப் பிடித்தவன் நான்தான்.

நேரே லபோரட்டரிக்குப் போனேன். என் ஆறாம் நாள் காலையும், பழைய எட்டாம் நாள் காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கால். விரல்களுக்கிடையில் பிரிவு அதே ஆழம், நாண் அதே தடிப்பு. இந்த இரண்டு தகடும் மூன்று மாதமாக ஒரே பெட்டியில், ஒரு சாண் தள்ளிக் கிடந்தன. நான் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கவேயில்லை. நேரமில்லை என்று சொல்லலாம். பொய். பார்க்க மனமில்லை. அந்த உடம்பை எறியாமல் வைத்திருந்தாலாவது போதும். அலகையும் கண்ணையும் இறகின் முளையையும் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் இது எட்டு நாள் குஞ்சு என்று என் மாணவனே சொல்லியிருப்பான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அந்தக் கிழமை மூன்று கடிதம் எழுதினேன். முதற்கடிதத்தில் இந்த விஷயமே இல்லை, மழையால் வேலை தாமதம், இடத்தை எனக்கு வையுங்கோ, மிச்சத்தைக் கொழும்பில் வந்து செய்கிறேன் என்று இருந்தது. வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை அனுப்பியிருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கிழித்தேன். இரண்டாவதில், முட்டை தந்த ஒரு படிப்பறிவில்லாத பெண்பிள்ளை மூடநம்பிக்கையால் என் ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டாள் என்று எழுதினேன். எழுதும்போது கைக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகமே எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவ எனக்குப் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அதையும் கிழித்தேன்.

மூன்றாவது சின்னக் கடிதம். அந்தக் கால் எட்டு நாட் கால், ஆறு நாட் காலில் நாண் தெரியவில்லை, வயது பிசகியது முட்டை மாறியதால், பிசகைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது நான் உடம்பை எறிந்ததால். அவ்வளவுதான். தபாற்பெட்டிக்குள் போட்ட பிறகு கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

மறுமொழி மார்கழியில் வந்தது. ஒழுங்கான வேலை, வயதுவாரியான தகடுகள் வகுப்புக்கு உதவும், அனுப்பி வை என்று எழுதியிருந்தார். இடம் இன்னொருவருக்குக் கொடுத்தாயிற்றாம். கடைசியில் ஒரு வரி. இனிமேல் உடம்பை எறியாதே. நான் விறாந்தைக்குப் போய் றங்குப்பெட்டியைத் திறந்து சேட்டுகளை எடுத்தேன். மடிப்பில் பூச்சி அரித்திருந்தது. அம்மா பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் அதற்குள் பழஞ்சேலை அடுக்கினா.

அடுத்தநாள் காலமை கொழும்புத்துறைக்குப் போனேன், இனி முட்டை வேண்டாம் என்று சொல்ல. அக்காவை ஏசிய நாளுக்குப் பிறகு போகவில்லை. படலையைத் திறந்ததும் அவ கடிதத்தைத்தான் கேட்டா.

"கொழும்பிலையிருந்து எழுதினவையோ?"

"எழுதினவை. இடம் இல்லையாம்."

அக்கா கடகத்தைக் கீழே வைத்தா. முகம் செத்துப்போயிற்று. "என்ரை அந்த ஒரு முட்டையாலையோ?"

ஓம் என்று சொல்ல எனக்கு ஒரு சொல்தான் தேவைப்பட்டது. அந்தச் சொல் நுனிநாக்கில் நின்றது. நான் நல்ல மனிதன் இல்லை, அது நின்றது என்பதை மறைக்கமாட்டேன்.

"இல்லை அக்கா" என்றேன். "என்ரை அவசரத்தாலை. உங்கடை முட்டையிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் பாக்காமல் விட்டனான். உங்களைக் கள்ளி எண்டமாதிரிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவ சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. பிறகு, "வந்ததுதான் வந்தியள், இருங்கோ" என்றா. "அண்டைக்கு நீங்கள் எண்ணின அடை அப்பிடியே கிடக்குது. நீங்கள் வரேல்லை, நான் தொடேல்லை. இண்டைக்கு இருபத்தோராம் நாள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது அடை வைத்தேன். நூற்றுக்கு மேல் முட்டை உடைத்தேன். ஒரு குஞ்சு பொரித்து நான் கண்டதில்லை. பன்னிரண்டாம் நாளுக்கு மேல் ஒன்றையும் நான் விட்டதில்லை.

கோழிக்கூட்டுக்கு முன்னால் ஒரு பலகையில் இருந்தேன். ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. எழும்பி நடந்தேன். இருங்கோ எண்டெல்லோ சொன்னனான் என்று அக்கா குசினிக்குள்ளிருந்து அதட்டினா. இருந்தேன். பத்து மணியளவில் ஒரு முட்டையில் ஓட்டை விழுந்தது. ஒன்பது கோட்டுக்குக் குறுக்காக வெடிப்பு ஓடியது. குஞ்சு கொத்தும், நிற்கும், களைத்துக் கிடக்கும், திரும்பக் கொத்தும். நான் கை வைக்கவில்லை. மத்தியானம் தாண்டித்தான் வெளியே வந்து விழுந்தது. ஈரமாய், அசிங்கமாய், தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. மயிர் காயும்வரைக்கும் அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் முழுவதும் என் கால் ஆடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்கா அதைத் தூக்கி என் கையில் வைத்தா. என் சுட்டுவிரலில் அது குந்தப் பார்த்தது. முழங்கால் மடிந்தது. மடிய மடிய, அதன் விரல்கள் தாமாகவே சுருண்டு என் விரலைப் பிடித்தன. நான் ஒரு வருஷமாகச் சீவிச் சீவித் தேடின நாண்கள் அந்தத் தோலுக்குள் கிடந்து இழுத்தன. இழுக்கிறதை விரலில் உணர்ந்தேன்.

"இதையும் வெட்டப்போறியளோ?" என்றா அக்கா.

"இல்லை. பாக்கிறன்."

சட்டைப் பைக்குள்ளிருந்து கொப்பியை எடுத்தேன். எழுத ஒன்றுமில்லாமல் நான் தடவ, அக்கா மடியிலிருந்து என் கட்டைப் பென்சிலைத் தந்தா. ஒன்பதாம் அடை என்று எழுதினேன். வைத்தது பதின்மூன்று. பொரித்தது இதுவரை ஒன்று. வயது இருபத்தொரு நாள். முழு உடம்பும் பார்த்தேன்.